தோள்பட்டை இறுக்கத்திற்கு ஸ்டீராய்டு ஊசி: போட்டுக்கொள்வதா, பொறுத்திருப்பதா?

பல வாரங்களாகத் தூக்கம் கெட்டு, சட்டை மாட்டும் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒருவழியாக மருத்துவரிடம் போய்ச் சேருகிறவரிடம் "ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்கப்படுகிறது. முடிவெடுக்க அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். தெரிந்தவர்களிடம் விசாரித்தால், ஒருவர் ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதுமே வேண்டவே வேண்டாம் என்பார். இன்னொருவர் ஒரே ஊசியில் தனக்கு வலி பறந்துவிட்டது என்பார். மூன்றாமவர் ஒன்றுமே செய்யாவிட்டாலும் நாளடைவில் தானாகச் சரியாகிவிடும் என்பார். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல். என் இடது தோளும் இந்த நோயில் மாட்டி மீண்டது என்பதால், அந்தச் சில நிமிடங்களுக்கு முன்பே ஒருவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத் தீர்மானித்த பிறகே ஊசியா வேறு வழியா என்ற கேள்விக்கு விடை தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த நோய்க்கு 'உறைந்த தோள்' என்ற பெயரை 1934-இல் வைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஏர்னஸ்ட் காட்மன். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறையே தடித்துச் சுருங்கிப்போகிறது என்பதை 1945-இல் ஜூலியஸ் நெவியாசர் எடுத்துக்காட்டினார். ஆரோக்கியமான தோளில் இந்த மூட்டு உறை தொளதொளவென்று இருக்கும். அக்குள் பக்கத்தில் அது ஒரு மடிப்பாகத் தொங்கும். கையை மேலே தூக்கும்போது அந்த மடிப்பு விரிந்து இடம்கொடுக்கும். நோய் வந்த தோளில் முதலில் உறையின் உட்புறம் அழற்சி கண்டு சிவக்கிறது, பிறகு நார்த்திசு படிந்து தடிக்கிறது, கீழ்மடிப்பு ஒட்டிச் சுருங்குகிறது. சாதாரணமாக 15 முதல் 30 மில்லி திரவம் கொள்ளக்கூடிய அந்த உறை, 10 மில்லிக்கும் குறைவாகவே கொள்ளும் அளவுக்குக் குறுகிவிடுகிறது. 40 முதல் 60 வயது வரை உள்ளவர்களிடமும், ஆண்களைவிடப் பெண்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அவர்களிடம் இது பிடிவாதமாக நீடிக்கவும் செய்கிறது. தைராய்டு கோளாறு உள்ளவர்களும், அடிபட்டோ அறுவை சிகிச்சைக்குப் பிறகோ கையை நெடுநாள் அசைக்காமல் வைத்திருந்தவர்களும் இதற்கு எளிதில் ஆளாகிறார்கள்.

சிகிச்சைகளை ஒப்பிடுவதற்கு முன் வந்திருப்பது இந்த நோய்தானா என்பது உறுதியாக வேண்டும், ஏனென்றால் எல்லாத் தோள் வலிக்கும் இந்தப் பெயர் சூட்டப்படுவதைப் பார்க்கிறேன். மருத்துவர் நம் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, மணிக்கட்டைப் பிடித்து முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்ப்பார். நல்ல பக்கத்துக் கை கதவு திறப்பதுபோல எளிதாக விலகும். நோயுற்ற பக்கம் சிறிது தூரத்திலேயே, சுவரில் முட்டியதுபோல நின்றுவிடும். நாமே திருப்பினாலும் சரி, அவர் திருப்பினாலும் சரி, அதே இடத்தில்தான் நிற்கும். நாம் தூக்கினால் உயராத கை பிறர் தூக்கும்போது முழுதாக உயர்ந்தால், கோளாறு பெரும்பாலும் தசைநாரில் இருக்கும், உறையில் அல்ல. மூட்டுத் தேய்மானத்திலும், பின்பக்கமாக விலகி மாட்டிக்கொண்ட மூட்டிலும் கை இதேபோல் வெளியே திரும்ப மறுக்கும் என்பதால், ஒரு எக்ஸ்ரே எடுத்து அவை இல்லை என்று உறுதிசெய்துகொள்வது அவசியம். உறைந்த தோளில் எக்ஸ்ரே பெரும்பாலும் எந்தக் குறையும் காட்டாது. அதைப் பார்த்து "எக்ஸ்ரே நன்றாகத்தானே இருக்கிறது" என்று நோயாளியின் வலியைச் சந்தேகிப்பது அநியாயம்.

இந்த நோய் மூன்று கட்டங்களாக நகர்கிறது என்பது வழக்கமான விளக்கம். முதற்கட்டத்தில் வலியே ஆட்சி செய்கிறது; அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் விழிப்பு வரும், தவறி விழும் பொருளைப் பிடிக்கச் சட்டெனக் கையை நீட்டினால் உயிர் போவதுபோல் வலிக்கும், அசைவும் நாளுக்கு நாள் குறையும். இது ஏறக்குறைய 2 முதல் 9 மாதங்கள் வரை நீடிக்கலாம். இரண்டாம் கட்டத்தில் வலி தணிந்து இறுக்கம் நிலைத்துவிடுகிறது. தலை பின்னவும், முதுகுப்பக்கம் கை கொண்டுபோகவும் முடியாது, ஆனால் தூங்க முடிகிறது. மூன்றாம் கட்டத்தில் அசைவு மெல்ல மெல்லத் திரும்புகிறது. இதற்கு ஓராண்டோ இரண்டாண்டோகூட ஆகலாம். கட்டங்களுக்கு இடையே கோடு கிழித்ததுபோல எல்லை கிடையாது. ஆயினும் ஒரு நோயாளி தன்னையே கேட்டுக்கொள்ளக்கூடிய எளிய கேள்வி ஒன்று உண்டு: இப்போது என்னை அதிகம் வாட்டுவது வலியா, இறுக்கமா? ஸ்டீராய்டு அழற்சியைத் தணிக்கும் மருந்து. ஏற்கெனவே படிந்து முற்றிய நார்த்திசுவை அது கரைப்பதில்லை. ஆகவே வலியும் அழற்சியும் மேலோங்கி நிற்கும் முதல் மாதங்களில்தான் ஊசிக்கு முழு மதிப்பு. ஒன்றரை ஆண்டு கழித்து, வலி அடங்கி, இறுக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும் தோளில் அதே ஊசியைப் போட்டுவிட்டு "பலனே இல்லை" என்று குறைப்படுவதில் பொருளில்லை.

பொறுத்திருப்பது என்ற முதல் வழியை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த டியர்க்ஸ், ஸ்டீவன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 77 நோயாளிகளைக் கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வலி அனுமதிக்கும் எல்லைக்குள் கையை இயக்கிக்கொண்டு காத்திருந்தவர்களில் 89 விழுக்காட்டினர் இரண்டாண்டு முடிவில் ஏறக்குறைய இயல்பான, வலியற்ற தோளைப் பெற்றிருந்தார்கள்; வலியை மீறித் தீவிரமாகக் கையை இழுத்துப் பயிற்சி செய்விக்கப்பட்டவர்களில் அந்த நிலையை எட்டியவர்கள் 63 விழுக்காடுதான். வலிக்கும் தோளை முரட்டுத்தனமாகத் திருகுவதால் நன்மையைவிடத் தீமை அதிகம் என்று இந்த முடிவை நான் வாசிக்கிறேன். ஆனால் இரண்டாண்டு என்பதைக் காகிதத்தில் எழுதுவது எளிது. இரவில் மூன்று முறை விழித்து, காலையில் வேலைக்குப் போகும் ஒருவரிடம் "பொறுங்கள், போய்விடும்" என்று சொல்வதற்கு முன் அந்த இரவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேலும், தானாகவே முழுதாகக் குணமாகும் என்ற நம்பிக்கையும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது கணிசமானவர்களிடம் இலேசான வலியோ, கை முழுதாக உயராத குறையோ எஞ்சியிருந்ததை நீண்டகால ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. வலி தாங்கக்கூடிய அளவில் இருந்து, தூக்கம் கெடாமல் இருப்பவருக்குக் காத்திருப்பது நியாயமான தேர்வு. மற்றவர்களுக்கு அது தேவையற்ற தண்டனை.

பிசியோதெரபி மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. நெதர்லாந்திலேயே வான் டெர் விண்ட் குழுவினர் வலியும் இறுக்கமும் உள்ள 109 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூட்டினுள் ஸ்டீராய்டு ஊசியும் மற்றதற்குப் பிசியோதெரபியும் கொடுத்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு வாரங்களில் ஊசி பெற்றவர்களில் 77 விழுக்காட்டினரும், பிசியோதெரபி பெற்றவர்களில் 46 விழுக்காட்டினரும் நல்ல முன்னேற்றம் கண்டிருந்தார்கள். நாட்கள் செல்லச் செல்ல அந்த இடைவெளி குறைந்தது. வலி உச்சத்தில் இருக்கும்போது பயிற்சியைத் தொடங்கினால் உடம்பே ஒத்துழைக்க மறுக்கிறது என்பது அனுபவிக்காதவருக்குப் புரியாது. சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்தும் அந்தச் சாதாரணப் பயிற்சியில், நெஞ்சு உயரத்தைத் தாண்டியதும் என் தோள் காதை நோக்கித் தானாக எம்பிக்கொள்ளும். மூட்டு அசையாததை ஈடுகட்டத் தோள் எலும்பு முழுவதும் மேலே ஏறும். எண்ணிக்கையில் இருபது முறை செய்தேன் என்று திருப்தியடைந்த நாட்களில், உண்மையில் மூட்டு ஒரு முறைகூட ஒழுங்காக அசைந்திருக்கவில்லை.

இனி ஊசியைப் பற்றி. மூட்டுக்குள் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்தும் முறையை 1951-இல் ஜோசப் ஹாலண்டர் அறிமுகப்படுத்தினார். இன்று தோளில் பெரும்பாலும் டிரையாம்சினோலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பயன்படுகிறது. வழக்கமான அளவு 40 மில்லிகிராம்; அத்துடன் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் சேர்த்து, தோளின் பின்புறத்திலிருந்தோ முன்புறத்திலிருந்தோ மூட்டுக்குள் செலுத்துகிறார்கள். டிரையாம்சினோலோனில் 20 மில்லிகிராமும் 40 மில்லிகிராமும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்ததாக 2013-இல் வெளியான ஓர் ஒப்பீடு காட்டியது. சர்க்கரை நோயாளிகள் மருத்துவரிடம் குறைந்த அளவு போதுமா என்று கேட்பதற்கு இது ஒரு நல்ல காரணம். ஊசி குத்தும் நேரம் ஓரிரு நிமிடங்களுக்கு மேல் போகாது. சுருங்கிய உறைக்குள் திரவம் இறங்கும்போது தோளுக்குள் யாரோ காற்றடைப்பதுபோல ஓர் அழுத்தம் தெரியும். அது விரும்பத்தக்க உணர்வு இல்லைதான், ஆனால் நோயின் ஓர் இரவு வலிக்கு முன் அது ஒன்றுமில்லை. அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே செலுத்துவது மருந்து சரியான இடத்தில் சேர்வதை உறுதிப்படுத்துகிறது. அனுபவமுள்ள கைகள் ஸ்கேன் இல்லாமலும் நல்ல பலன் தருகின்றன. ஸ்கேன் வசதி இல்லை என்பதற்காக மட்டும் ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

பலன் எவ்வளவு, எத்தனை நாள்? மரத்துப்போகும் மருந்தினால் முதல் சில மணி நேரம் நிம்மதி கிடைக்கும், பிறகு அது போய்விடும். இரண்டொரு நாட்கள் வலி முன்பைவிடக் கூடுவதும் உண்டு. ஸ்டீராய்டின் உண்மையான வேலை சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் தெரியவரும். கனடாவில் கரெட் குழுவினர் 93 நோயாளிகளை நான்கு பிரிவுகளாக்கி, ஊசியும் பிசியோதெரபியும் சேர்ந்து, ஊசி மட்டும், பிசியோதெரபி மட்டும், இரண்டும் இல்லாமல் என ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்ட ஆய்வு என் கணிப்பில் இந்த விஷயத்தின் மையத்தைத் தொடுகிறது. ஆறு வாரங்களில் ஊசி பெற்ற இரு பிரிவினரும் மற்றவர்களைவிடத் தெளிவாக நன்றாக இருந்தார்கள். அவர்களிலும் பிசியோதெரபியைச் சேர்த்துக்கொண்டவர்களின் அசைவு விரைவாகத் திரும்பியது. பன்னிரண்டு மாதம் முடிந்தபோது நான்கு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்திருந்தார்கள். ஆக, ஊசி இறுதி முடிவை மாற்றுவதாகச் சொல்ல முடியாது. அங்கே போய்ச் சேரும் வழியில் உள்ள மிக மோசமான மாதங்களை அது குறைக்கிறது. 2020-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளிவந்த ஒரு பெரிய அலசலும், ஓராண்டுக்கு உட்பட்ட நோயில் மூட்டினுள் போடும் ஸ்டீராய்டு ஊசியையே முதல் சிகிச்சையாகவும், அதனுடன் வீட்டுப் பயிற்சியையும் பரிந்துரைத்தது.

ஸ்டீராய்டு என்ற சொல் எழுப்பும் அச்சத்தைப் பற்றி நேராகப் பேச வேண்டும். உடலைப் பெருக்குவதற்காகச் சிலர் தவறாகப் பயன்படுத்தும் மருந்து வேறு வகை; இது நம் அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசோலின் உறவு. பல ஆண்டுகள் தினமும் மாத்திரை உட்கொள்பவருக்கு வரும் எலும்புத் தேய்வையும் முக வீக்கத்தையும் ஒரு தோள் ஊசியோடு முடிச்சுப்போடுவது சரியல்ல. அதற்காக ஊசி தீங்கே இல்லாதது என்றும் சொல்லமாட்டேன். மருந்தின் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கத்தான் செய்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு அடுத்த சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை, இரத்தச் சர்க்கரை கணிசமாக ஏறும். இன்சுலின் போடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி, அந்த நாட்களில் அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை ஏற்கெனவே கட்டுக்கடங்காமல் இருந்தால் அதைச் சரிசெய்த பிறகு ஊசி போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். ஓரிரு நாட்கள் முகம் சிவந்து சூடாவதும், மாதவிடாய் முன்பின்னாவதும் நேரலாம். மருந்து தோலடியில் கசிந்தால் அந்த இடம் வெளுத்தோ குழிந்தோ போகலாம். மூட்டில் கிருமித்தொற்று மிக அரிது, ஆனால் அலட்சியப்படுத்த முடியாதது: இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகும் வலி ஏறிக்கொண்டே போய், காய்ச்சலோ சிவப்போ சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உடலில் வேறெங்கேனும் தொற்று இருப்பவர்களும், அந்தத் தோளில் மூன்று மாதத்திற்குள் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளத் திட்டமிட்டிருப்பவர்களும் இந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்திவிடாமல், முன்பே தெரிவிக்க வேண்டும். எச்ஐவி சிகிச்சையில் ரிட்டோனவிர் அல்லது கோபிசிஸ்டாட் எடுப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு: அந்த மருந்துகள் டிரையாம்சினோலோன் உடலிலிருந்து கழிவதைத் தடுப்பதால், ஒரே ஊசியில்கூட ஸ்டீராய்டு மிகுதியாகத் தேங்கி விபரீதமாகலாம். சொல்லத் தயங்கும் விஷயம் என்பதாலேயே இது விடுபட்டுப்போகிறது. தயங்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஊசிக்குப் பதிலாக ஸ்டீராய்டு மாத்திரை கேட்பவர்களும் உண்டு. நாள்தோறும் 30 மில்லிகிராம் பிரெட்னிசோலோனை மூன்று வாரம் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் தொடக்கத்தில் நல்ல பலன் தெரிந்தது, ஆறு வாரத்திற்குப் பிறகு அது நிலைக்கவில்லை. உடல் முழுவதும் ஸ்டீராய்டைப் பரப்பிக் கிடைக்கும் இந்தக் குறுகிய பலனைவிட, தேவைப்படும் இடத்தில் மட்டும் ஒருமுறை செலுத்துவது மேல். இன்னொரு வழி, ஸ்டீராய்டுடன் உப்புநீரையும் சேர்த்து அழுத்தமாகச் செலுத்தி உறையை விரிவாக்குவது. இறுக்கம் மிகுந்தவர்களுக்குச் சிலர் இதை விரும்பிச் செய்கிறார்கள். சாதாரண ஊசியைவிட இது பெரிதாக மேம்பட்டது என்று நம்ப எனக்கு வலுவான காரணம் தெரியவில்லை, என்றாலும் ஒரு ஊசிக்கு மசியாத தோளுக்கு அறுவை அரங்கத்தை எண்ணுவதற்கு முன் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

மாதக்கணக்கில் எதற்கும் மசியாத இறுக்கத்திற்கு மயக்கம் கொடுத்துக் கையைத் திருப்பி உறையைப் பிரித்துவிடுவதும், நுண்துளை வழியே உறையை வெட்டி விடுவிப்பதும் மிஞ்சியிருக்கும் வழிகள். பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 503 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2020-இல் வெளியான ஆய்வு, இவ்விரண்டையும் ஸ்டீராய்டு ஊசியுடன் சேர்ந்த முறையான பிசியோதெரபியோடு ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் எதுவும் மற்றவற்றைவிட நோயாளி உணரும் அளவுக்கு மேலானதாக இல்லை. ஊசியும் பிசியோதெரபியும் பெற்றவர்களில் மேற்கொண்டு சிகிச்சை தேவைப்பட்டவர்கள் அதிகம். கடுமையான பாதகங்களாகப் பதிவான 10 நிகழ்வுகளில் 8 நுண்துளை அறுவையிலும் 2 கையைத் திருப்பும் முறையிலும் நேர்ந்தன, ஊசிப் பிரிவில் ஒன்றுமில்லை. கையைத் திருப்பும்போது எலும்பு முறிவதும் தசைநார் கிழிவதும் அரிதாக நடக்கும் விபத்துகள். இவற்றையெல்லாம் சேர்த்து நிறுத்துப் பார்த்தால், முதல் படியிலேயே அறுவை அரங்கத்திற்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊசியும் பயிற்சியும் நியாயமான காலம் முயன்று தோற்ற பிறகே அந்தப் பேச்சு வர வேண்டும்.

எனவே, நோய் தொடங்கிச் சில மாதங்களே ஆகி, இரவு வலி தூக்கத்தைத் தின்றுகொண்டிருப்பவர், மேலே சொன்ன தடைகள் எதுவும் இல்லையென்றால், ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. வலி மாத்திரையிலேயே மாதங்களைக் கடத்திவிட்டு, உறை முற்றிச் சுருங்கிய பிறகு ஊசிக்கு வருவது இருப்பதிலேயே மோசமான வரிசை. வலி அடங்கி இறுக்கம் மட்டும் இருப்பவருக்குப் பயிற்சியும் பொறுமையுமே முதன்மை. சர்க்கரை நோயாளி ஊசி போட்டுக்கொள்ளலாம், ஆனால் பலன் மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்று தெரிந்தே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசி திறந்துவிடும் அந்த ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில்தான் சிகிச்சையின் வெற்றி இருக்கிறது. வலி குறைந்துவிட்டதே என்று கையைச் சும்மா வைத்திருந்தால் பாதிப் பலன் வீணாகும். முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு கொடுத்து, பிறகு நாளுக்கு நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள், இழுவை தெரியும் எல்லை வரை மட்டும் கையை நீட்ட வேண்டும். பயிற்சி முடிந்து வெகுநேரம் வலி நீடித்தால் எல்லை மீறிவிட்டது என்று பொருள். ஊசி போடுவதற்கு முந்தின நாள், சுவரோரம் நின்று விரல் எட்டும் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதியை எழுதிவைக்கும்படி என் பிசியோதெரபிஸ்ட் சொன்னார். தோளை எம்பவிடாமல் எட்டிய இடம்தான் கணக்கு என்றும் கண்டிப்பாகச் சொன்னார். வாரம் ஒரு கோடாக அந்தச் சுவரில் ஏறிய கோடுகள், மாலையில் களைத்துப்போய் "ஒன்றும் மாறவில்லை" என்று மனம் சொன்னபோதெல்லாம் எதிர்ச்சாட்சி சொல்லின. ஆறாவது வாரத்தில் இரண்டாவது ஊசி தேவையா என்ற கேள்வி வந்தபோது மருத்துவர் என்னிடம் இரண்டு விவரங்கள் மட்டும் கேட்டார்: இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள், முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் எத்தனை விரற்கடை? விழிப்பு நின்றிருந்தது, கோடுகளும் ஏறிக்கொண்டிருந்தன. இரண்டாவது ஊசி வேண்டாம், பயிற்சியைத் தொடருங்கள் என்று அனுப்பிவிட்டார்.